சுகம் விசாரிக்க வருகிறவர்கள் நின்ற பிறகு என்ன செய்வது

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த முதல் மாதம் எங்கள் அலுமாரிக்கு மேல் பதினொரு ஹோர்லிக்ஸ் போத்தல் இருந்தது. எண்ணியது நான்தான். கட்டிலில் கிடந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது அந்த அலுமாரி ஒன்றுதான். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்குள் ஆட்கள் வராத நாளில்லை. அப்பிளும் திராட்சையும் பால்மா டின்னுமாக வந்து, கட்டில் விளிம்பில் இருந்து, என் காலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, "எல்லாம் சரியாயிடும் தம்பி" என்று எழும்பிப் போனார்கள். மூன்றாம் மாதம் நாலைந்து பேர் வந்தார்கள். ஆறாம் மாதம் பால்காரர் மட்டும், அவரும் படலையோடு சரி.

நான் வயர்மன். நிலாவெளிப் பக்கம் ஒரு கட்டடத்தின் கூரையில் நின்று வயர் இழுக்கும்போது கூரைச் சீற் உடைந்து கீழே வந்தேன். பன்னிரண்டு அடி உயரம்தான். முள்ளந்தண்டு நொறுங்கி இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. இப்போது வீல்செயார். ஒன்பது வருடமாகிறது. இடையில் நான் செய்த பிழைகளையும், சரியாக வந்த இரண்டொரு விசயத்தையும், இப்போதுதான் அடிபட்டுக் கிடக்கிற யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது முள்ளந்தண்டு. கால் எடுத்தவர்களும் கை போனவர்களும் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வருவதை நிறுத்துகிறார்கள்

முதல் இரண்டு வருடமும் நான் நினைத்தது, சனம் மறந்துவிட்டது, பாசமெல்லாம் பொய் என்று. அது பிழையான கணக்கு. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒருவர் போவதென்றால் ஒரு காரணம் வேண்டும். நல்லது கெட்டது, காசு கொடுக்கல் வாங்கல், ஏணி இரவல், கறி கொடுத்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பது, ஏதாவது ஒன்று. சுகம் விசாரிப்பதும் அப்படி ஒரு காரணம்தான், ஆனால் அது ஒரு தடவையோடு முடிந்துவிடும். இரண்டாம் தடவை வருகிறவருக்கு என்ன கதைப்பதென்று தெரியாது. "இப்ப எப்படி?" என்று கேட்டால் "அப்படியேதான்" என்று நான் சொல்வேன். அதற்கு மேல் அந்த மனிதர் என்ன செய்வார், பாவம், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்.

ஆகவே செய்ய வேண்டியது, "பார்க்க" வருகிறவர்களை "அலுவலாக" வருகிறவர்களாக மாற்றுவது. நான் கீழே சொல்வதெல்லாம் கடைசியில் இதற்குத்தான் வந்து சேரும். ஆனால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய இரண்டு வேலை இருக்கிறது. அதைத் தாண்டாமல் இது நடக்காது.

முதல் வேலை: சலம் (சிறுநீர்)

தனிமையைப் பற்றி எழுத வந்துவிட்டு இதில் ஏன் தொடங்குகிறான் என்று நினைக்க வேண்டாம். முதல் வருடம் நான் எந்த வீட்டுக்கும் போகாததற்கு உண்மையான காரணம் இதுதான். அக்காவின் மகளின் சாமத்திய வீட்டுக்குக் கூடப் போகவில்லை, களைப்பு என்று சொன்னேன். சபையில் வைத்துக் காற்சட்டை நனைந்துவிடுமோ, மணக்குமோ என்ற பயம். இந்தப் பயத்தை யாருக்கும் சொல்லவும் முடியாது. அப்புறம் அதே பயத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், அதுதான் பெரிய மடைத்தனம். தண்ணீர் குறைந்தால் சலத்தில் கிருமி தொற்றும், கல் வரும், காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாட்டில் கிடக்க வேண்டிவரும். எனக்கு இரண்டு தடவை வந்தது.

உங்கள் வைத்தியரிடமோ நேர்ஸிடமோ நேரே கேளுங்கள்: நிரந்தரமாகக் குழாய் போட்டு வைப்பதா, அல்லது நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நாங்களே குழாய் செலுத்தி எடுத்துவிடும் முறை எனக்குப் பொருந்துமா? பொருந்தினால் அதைப் பழகுங்கள். எனக்கு ஒரு கிழமை எடுத்தது. பழகிவிட்டால் உங்கள் கையில் நாலு மணித்தியாலம் இருக்கிறது, திருமலையில் இருந்து கிண்ணியாவுக்குப் போய் ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரக் காணும். மலத்துக்கும் அப்படி ஒரு நேரம் பழக்கலாம். தினமும் ஒரே நேரம், காலைச் சாப்பாடும் சுடுதேத்தண்ணியும் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள். சாப்பிட்டதும் குடல் தானாகவே வேலை செய்யத் தொடங்கும், அதைப் பயன்படுத்திக்கொள்கிறோம். ஒன்றிரண்டு மாதம் விடாமல் செய்தால் உடம்பு பழகிவிடும். எங்காவது போகிற நாளில் புது மருந்து, புதுச் சாப்பாடு எதையும் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது, இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், விபரம் வேண்டாம்.

சரி, அவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் ஒரு நாள் நனையும். எனக்கு நனைந்தது ஒரு செத்த வீட்டில். நண்பன் ஒருவன் தன் சறத்தை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கிரிக்கெட் கதைத்துக்கொண்டு என்னைத் தள்ளி வெளியே கொண்டுவந்தான். அன்றைக்குப் பிறகு வீல்செயாருக்குப் பின்னால் தொங்குகிற பையில் ஒரு சறம், ஒரு துவாய், இரண்டு பொலித்தீன் பை எப்போதும் இருக்கும்.

இரண்டாவது வேலை: ஏழு அங்குலம்

எங்கள் வீட்டு வாசற்படி ஏழு அங்குலம். அந்த ஏழு அங்குலத்துக்கு உள்ளே நான் எட்டு மாதம் இருந்தேன், தூக்கிவிட இரண்டு பேர் வந்தால்தான் வெளியே. சாய்தளம் கட்டுகிற கணக்கு சிம்பிள்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஏழு அங்குலப் படிக்கு ஏழு அடி. எங்கள் மேசன் நாலடி காணும் என்று நின்றார், நாலடியில் கட்டினால் ஏற உங்களைத் தள்ள ஒருவர் வேண்டும், இறங்கும்போது முகம் குப்புற. விட்டுக்கொடுக்காதீர்கள். மேலே திரும்புவதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி சமதரையும் விடச் சொல்லுங்கள். கதவு முப்பத்திரண்டு அங்குலமாவது திறக்க வேண்டும். வீடு திருத்த உதவி கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் இருக்கிற சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள், ஜி.எஸ்.ஸின் (கிராம சேவகரின்) கடிதத்தோடு போனால் ஒரு தடவை அலைவது மிச்சம்.

உங்கள் வீட்டுப் படியை விட முக்கியம் மற்றவர்களுடைய படி. நான் அடிக்கடி போக விரும்பிய நாலு வீட்டை எழுதிப் பார்த்தேன், நாலிலும் படி. அதில் இரண்டு வீட்டுக்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், ஒரு பலகை போட்டு வைப்பீர்களா என்று. ஒருவர் பலகை போட்டார். மற்றவர் சீமெந்தே போட்டுவிட்டார், இவ்வளவு நாளும் கேட்காமல் இருந்தது என் பிழை என்று ஏசவும் செய்தார். ஓட்டோவில் நானும் ஒரு மடிப்புப் பலகை கொண்டு திரிகிறேன்.

பொது இடங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, கட்டடங்களுக்குள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. இவ்வளவும் இருந்தும் நான் போகிற ஓர் அலுவலகத்தில் ஐந்து படி. காவலாளி என்னை அரிசி மூட்டை மாதிரித் தூக்குவார். வாயால் சொல்லிப் பார்த்தேன், பலனில்லை. பிறகு அந்தச் சட்டத்தின் பெயரைப் போட்டு எழுத்தில் கொடுத்து, பிரதியில் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். ஏழு மாதத்தில் சாய்தளம் வந்தது. இப்போது அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள், அது அடுத்த கடிதம்.

இனி ஆட்கள்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் மேசை ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்துவிட்டு, "நீ சும்மாதானே இருக்கிறாய் தம்பி, இது இரைகிறது, சுத்துதில்லை, என்னெண்டு பார்" என்றார். அந்தச் "சும்மாதானே" என் மனைவிக்குச் சுருக்கென்று குத்தியது, இரண்டு நாள் அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த வருடம் முழுக்க ஒருத்தரும் என்னிடம் ஒரு வேலை சொல்லவில்லை, அந்த அக்கா ஒருவர்தான் சொன்னார். இறக்கையை விரலால் தட்டிவிட்டேன், சுற்றியது. தட்டிவிட்டால் சுற்றுகிறது, தானாகச் சுற்றாது என்றால் பெரும்பாலும் கப்பாசிற்றர் போய்விட்டது என்று அர்த்தம், மோட்டாரில் பிழையில்லை. தீப்பெட்டி அளவுச் சாமான். தம்பியை டவுனுக்கு அனுப்பி வாங்குவித்து, கட்டிலில் சாய்ந்தபடியே இரண்டு வயரை ஒட்டி, தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெய் இரண்டு துளி விட்டுப் போட்டுக் காட்டினேன். அந்த ஃபேன் காற்று என் முகத்தில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஃபேனுக்குப் போய் அழுகிறானே என்று அக்கா பயந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஃபேன், அயன், கிரைண்டர், ரைஸ் குக்கர். வீல்செயாரின் இரண்டு கைக்கும் குறுக்கே ஒரு பலகை, அதுதான் மேசை. கொண்டுவருகிறவர் சும்மா விட்டுவிட்டுப் போவதில்லை, நான் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், நிற்கும்போது வாய் சும்மா இருக்காது. மீன் விலை, மகனின் சோதனை, மருமகள் சண்டை. யாரும் என் காலைப் பற்றிக் கேட்பதில்லை, ஏனென்றால் அவர்களுடைய கண் அந்த அயனில் இருக்கிறது.

வயரிங் தெரியாதவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒருவர் மரண உதவிச் சங்கத்தின் கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டார், மாதம் அறுபது வீட்டுக்காரர் அவரிடம் வந்தாக வேண்டும். விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, போனில் ரீலோட் போடுவது, கத்தரி மிளகாய்க் கன்று போட்டு விற்பது. காசு விசயத்தில் ஒழுங்கான ஆள் என்று பெயர் இருந்தால் சீட்டுப் பிடியுங்கள், பத்துப் பேர் மாதா மாதம் உங்கள் வாசலுக்கு வருவார்கள், அதுவும் சீட்டு எடுக்கிற நாளில் தேத்தண்ணி, கேக் என்று ஒரு சின்னக் கொண்டாட்டமே நடக்கும். (கட்டாமல் ஓடுகிறவரைச் சேர்த்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.)

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் மண்டவில் என்ற இடத்தில் 1944இல் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் முள்ளந்தண்டு அடிபட்ட படைவீரர்களுக்கு ஒரு பிரிவு தொடங்கினார். அதற்கு முன் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சலக் கிருமியாலும் செத்துப்போவார்கள். அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் போடச் சொன்னார், புண் நின்றது. அதோடு விடவில்லை, மரவேலையும் மணிக்கூடு திருத்தவும் பழக்கினார், விளையாட வைத்தார். 1948இல் பதினாறு பேரை வைத்து அவர் நடத்திய அம்பெய்யும் போட்டிதான் வளர்ந்து பராலிம்பிக் ஆனது. 2021இல் டோக்கியோவில் எங்கள் தினேஷ் பிரியந்த ஈட்டி எறிந்து இலங்கைக்கு முதல் பராலிம்பிக் தங்கம் எடுத்தாரே, அதற்கு வேர் அங்கே. நான் ஈட்டி எறியப் போவதில்லை. மணிக்கூடு திருத்திய அந்த ஆட்கள்தான் எனக்கு நெருக்கம்.

ஆட்களைக் கூப்பிடுகிற விதத்தையும் மாற்ற வேண்டும். "நேரம் கிடைச்சா வா மச்சான்" என்று சொன்னால் ஒருவருக்கும் நேரம் கிடைக்காது. "செவ்வாய் நாலு மணிக்கு வா, வரும்போது பாண் ஓர் இறாத்தல் வாங்கிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள். பாண் தேவையா இல்லையா என்பது வேறு கதை. பாணோடு வருகிறவன் சுகம் விசாரிக்க வருகிறவனில்லை.

பாவம் பார்க்கிறவர்கள்

பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் வீல்செயாரில் நின்றபோது ஓர் அம்மா என் கையில் நூறு ரூபாயை வைத்து அழுத்திவிட்டுப் போனார். நான் வேட்டி சால்வையோடு மனைவி பிள்ளையோடு நிற்கிறேன். ஒரு கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இனிக் கோயிலுக்கே வரமாட்டேன் என்றேன். பிறகு அதே மாதிரி இன்னொருவர் நீட்டியபோது, "எனக்கு வேலை இருக்குதம்மா, உங்கள் வீட்டில் பழுதான ஃபேன் ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ" என்று சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். மூன்று நாள் கழித்து உண்மையிலேயே ஒரு கிரைண்டரோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் இப்படிப் பொறுமையாகச் சொல்ல வராது, சில நாள் ஏசியும் இருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

வைத்தியம் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் தொடர்ந்து குளித்தால் நரம்பு எழும்பும் என்று சொல்லி என்னை இரண்டு தடவை கொண்டுபோனார்கள். போனது நல்ல பொழுதுபோக்கு, நரம்பு எழும்பவில்லை. உணர்வில்லாத காலில் எந்தச் சுடுதண்ணி ஊற்றுவதானாலும் முதலில் உணர்வுள்ள கையில் ஊற்றிப் பாருங்கள். நான் ஒரு நாள் சுடப் புட்டு இறக்கிய தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன், ருசித்துச் சாப்பிட்டேன், பின்னேரம் மனைவி சறம் மாற்றும்போதுதான் தொடையில் உள்ளங்கை அளவு கொப்புளம் தெரிந்தது. ஆற இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் திரும்பக் கட்டில், திரும்ப அந்த அலுமாரி.

உங்களைப் போல ஒருவர் வேண்டும்

எத்தனை பேர் வந்தாலும், இதே உடம்போடு இருக்கிற ஒருவரோடு கதைத்தால்தான் இறங்குகிற ஒரு பாரம் இருக்கிறது. எனக்கு அது ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் குருணாகல்காரர், தென்னையில் இருந்து விழுந்தவர். எனக்குச் சிங்களம் பஸ் ஏறுகிற அளவு, அவருக்குத் தமிழ் வணக்கத்தோடு சரி. மூன்று மாதத்தில் நான் சிங்களம் படித்துவிட்டேன், வேறு வழியில்லை. இப்போதும் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எடுப்பார், "மல்லி (தம்பி), புண் ஏதும் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. புண்ணைப் பற்றி இவ்வளவு அன்பாகக் கேட்க வேறு யாரால் முடியும்? அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டிருந்தால் தோள்மூட்டுப் போய்விடும், அதற்குப் பதில் முன்னால் குனிந்து நெஞ்சைத் தொடையில் வைத்து இரண்டு நிமிடம் இரு என்று சொல்லித் தந்தவர் அவர்தான். இப்போது ஆட்கள் இருக்கும்போதும் குனிவேன். கும்பிடுகிறானோ என்று ஒருவர் கேட்டார்.

வாட்டில் இருக்கும்போதே நம்பர்களை வாங்கிக்கொள்ளுங்கள், துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு தேடுவது கஷ்டம். வடக்கில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்துகிற உயிரிழை இருக்கிறது, செயற்கைக் கால் போட்டவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில் எல்லோரும் தங்கள் மாதிரியான ஆளைக் காண்பார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே காணும்.

வீட்டுக்குள்ளே

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், என் மனைவியும் இதை வாசிப்பார். ஒரு வருடம் நாங்கள் புருசன் பெண்சாதியாக இருக்கவில்லை, நேர்ஸும் நோயாளியுமாக இருந்தோம். ஒரே அறையில் இரண்டு பேரும் தனியாக. அவர் வெள்ளிக்கிழமைப் பஜனையை விட்டார், தங்கச்சி வீட்டுக்குப் போவதை விட்டார், எனக்காக. அதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது புதனும் சனியும் பின்னேரம் மருமகன் வந்து என்னோடு இருப்பான், அவர் வெளியே போவார், எங்கே என்று நான் கேட்பதில்லை. திரும்பி வந்ததும் எனக்குச் சொல்ல அவரிடம் ஊர்க்கதை இருக்கும், முன்பு எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த கதை ஒன்றேதான், என் உடம்பு.

தாம்பத்தியம் பற்றி வைத்தியரிடம் நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும், அவர்களாக ஆரம்பிப்பது குறைவு. ஆண்களுக்கு மருந்தும் வழியும் இருக்கிறது, பிள்ளை பெறவும் சிகிச்சை உண்டு. பெண்களுக்குக் கருத்தரிக்கிற திறன் பெரும்பாலும் சில மாதத்தில் திரும்ப வந்துவிடும், தெரியாமல் இருக்க வேண்டாம்.

காணாமல் போன நண்பன்

என்னோடு பதினைந்து வருடம் ஒரே ஏணியில் வேலை செய்தவன். அன்றைக்கும் கீழே நின்றவன் அவன்தான். இரண்டு வருடம் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மனதுக்குள் நான் அவனை எத்தனை விதமாக ஏசியிருப்பேன். பிறகு ஒரு நாள் படலையைத் திறந்துகொண்டு ஓர் அயனோடு வந்தான். கழற்றினேன். பிளக்கில் ஒரு வயர் லூசாக இருந்தது, ஒரு ஸ்க்ரூ முறுக்கினால் முடிந்தது. அவன் வயர்மன். அவனுக்குத் தெரியாதா? நான் ஒன்றும் கேட்கவில்லை, முந்நூறு ரூபாய் என்றேன், தந்தான். அடுத்த மாதம் ஒரு ஃபேன் கொண்டு வந்தான்.

எல்லோரும் அப்படி வரமாட்டார்கள். சிலர் குற்ற உணர்வில் வராதவர்கள், சிலர் பயத்தில், சிலர் உண்மையாகவே போய்விட்டவர்கள். முதல் இரண்டு வகைக்கும் ஒரு தடவை நீங்களே போன் எடுங்கள், அதுவும் ஏதாவது ஒன்று கேட்டு: உன்னுடைய டிரில் மெசினை இரண்டு நாள் தருவாயா என்று. மூன்றாவது வகையை விடுங்கள்.

"எல்லாம் நன்மைக்கே"

லொத்தர் விழுந்தவர்களும் விபத்தில் கால் இழந்தவர்களும் ஒரு வருடத்தில் ஒரே அளவு சந்தோசமாகிவிடுவார்கள், ஆராய்ச்சி சொல்கிறது என்று ஒரு மெசேஜ் வருடத்துக்கு இரண்டு தடவை என் போனுக்கு வரும். அந்த ஆராய்ச்சி 1978இல் அமெரிக்காவில் நடந்தது, லொத்தர் விழுந்த 22 பேர், உடம்பு செயலிழந்த 29 பேர். அதில் உண்மையாக வந்த முடிவு வேறு: அடிபட்டவர்கள் மற்றவர்களை விடச் சந்தோசம் குறைந்துதான் இருந்தார்கள், ஆனால் நாங்கள் நினைக்கிற அளவுக்குக் கீழே இல்லை. இதுதான் எனக்கு நம்பக்கூடியதாக இருக்கிறது.

அடிபட்ட பிறகு ஒருவர் வளர முடியும் என்பதையும் 1990களில் டெடெஸ்கி, கல்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். புது வழிகள் திறப்பது, உறவு நெருங்குவது, தன் பலம் தெரிவது, வாழ்க்கையின் அருமை தெரிவது, ஆன்மிகம் ஆழமாவது என்று ஐந்தைச் சொன்னார்கள். அதில் எனக்குப் பிடித்தது, அடி யாரையும் வளர்க்காது, அதோடு மல்லுக்கட்டுவதில்தான் வளர்ச்சி என்று அவர்கள் பிரித்துச் சொன்னது. வளர்கிறபோதும் வலி இருக்கும் என்றும் சொன்னார்கள். ஆகவே யாராவது உங்களிடம் "இதுவும் நன்மைக்கே" என்று சொன்னால் தலையாட்ட வேண்டியதில்லை. எனக்குச் சிங்களம் வந்தது, பொறுமை கொஞ்சம் வந்தது, மகனோடு இருந்து கதைக்க நேரம் வந்தது. காலைத் திருப்பித் தருவார்கள் என்றால் சிங்களத்தை இன்றைக்கே கொடுத்துவிடுவேன். பொறுமையையும்.

என்னிடம் உண்மையில் மாறியது என்று பார்த்தால், கேட்கப் பழகினேன். முன்பு ஒரு ஸ்பானர் கூட யாரிடமும் கேட்காத ஆள் நான். அப்புறம், வேண்டாம் என்று சொல்லவும் பழகினேன். கேட்காமல் பின்னால் வந்து வீல்செயாரைத் தள்ளுகிறவர்களிடம் "பொறுங்கோ, நானே வருவேன்" என்று சிரித்துக்கொண்டு சொல்ல நாலு வருடம் எடுத்தது.

இரவும் மாரியும்

இரவு இரண்டு மணிக்குப் போனைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லோரும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறார்கள், மலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ரேடியோ நல்லது.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் போய், ஒன்றிலும் மனம் ஒட்டாமல், செத்தால் நல்லது என்ற நினைப்பு வந்தால் அது சோம்பலோ பலவீனமோ இல்லை, ஒரு நோய், அதற்கு மருந்து உண்டு. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தால் இருபத்துநாலு மணித்தியாலமும் ஆள் இருக்கும். நானும் போனேன், எட்டு மாதம் குளிசை போட்டேன், ஊரில் யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரியும்.

வெக்கையான கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் பகலில் வெளியே போகாதீர்கள், சக்கரத்தின் பிடிவளையம் உள்ளங்கையைச் சுடும், சைக்கிள் கையுறை போடுங்கள். ஆனால் உண்மையான கஷ்டம் ஐப்பசியில் இருந்து தை வரை. ஒழுங்கை சேறாகிவிடும், சக்கரம் புதையும், ஃபேன் யாருக்கும் தேவைப்படாது. மழை தொடங்க முன்னமே இரண்டு பேரிடம் நாள் பேசி வையுங்கள், ஒருவர் செவ்வாய், ஒருவர் வெள்ளி.

முதல் பயணம்

எங்கே முதலில் போவது என்று கேட்டால், டச்பே கடற்கரை மணலில் இறங்காதீர்கள், சக்கரம் புதைந்து நாலு பேர் தூக்க வேண்டிவரும், முதல் நாளே மனம் உடைந்துவிடும். உட்துறைமுக வீதிக்குப் போங்கள், கடலோரம் சமதரை, பின்னேரம் ஐந்து மணிக்குக் காற்றும் இருக்கும். அவசரப்படாத ஓர் ஓட்டோக்காரரைப் பிடித்து வையுங்கள், ஒவ்வொரு தடவையும் அவரையே கூப்பிடுங்கள், மூன்றாம் தடவை அவரே வீல்செயாரை மடிக்கப் பழகிவிடுவார். அரை மணித்தியாலம் காணும். ஆள் பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிடும்.

மூன்று நாலு தடவை இப்படிப் போய்வந்த பிறகு கோட்டைக்குள் போகலாம். வாசலில் இருந்து கொஞ்ச தூரம் உருட்டலாம், கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பக்கம் ஏற்றம், அதற்கு வாகனத்தில் போங்கள், அல்லது தோள் பலமான மருமகன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கச்சான் (நிலக்கடலை) சரை வாங்கினால் மடியில் வைக்காதீர்கள். அங்கே நிற்கிற மான்களுக்கு நின்று சாப்பிடுகிறவனை விட இருந்து சாப்பிடுகிறவன்தான் வசதி, மூக்கு நேரே மடிக்கு வரும். எனக்கு வந்தது.